பங்கில் வந்த பசாசு

கடலோர ஊரான ஹினப்லானில் ப்ரோசிங்கின் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் அவள் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "பசாசு வீடா? அதோ, கடைசித் தென்னைக்கு அந்தப் பக்கம்" என்பார்கள். சொன்ன வாயோடு நெற்றியில் ஒரு சிலுவையும் போட்டுக்கொள்வார்கள். இத்தனைக்கும் அந்த வீட்டில் யாருக்கும் பேய் பிடித்ததில்லை, மந்திர தந்திரம் எதுவும் நடந்ததில்லை. உள்ளே இருந்தது குப்புறக் கிடக்கும் மூன்றடி நீள மரச் சுரூபம் ஒன்று. மிக்கேல் அதிதூதர் காலால் மிதித்துக்கொண்டிருப்பாரே, அந்தப் பசாசு. மிதிக்க வேண்டிய அதிதூதர் மட்டும் அங்கே இல்லை. அவர் எட்டு வீடு தள்ளி, அவளுடைய அண்ணன் மெனெஸ் வீட்டில் இருந்தார்.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். உள்ளது இதுதான். சுரூபம் ப்ரோசிங்கின் தாத்தா செதுக்கியது. எங்கள் பக்கத்தில் புனிதர்கள் கோயிலுக்குச் சொந்தமில்லை, குடும்பத்துக்குச் சொந்தம். திருநாள் வந்தால் குடும்பம்தான் உடுத்தி, சோடித்து, சப்பரத்தில் ஏற்றும். சாமியாருக்கு அடுத்தபடி சப்பரத்தின் பின்னால் நடப்பதும் அந்தக் குடும்பம்தான். வருஷம் முழுக்கக் கருவாடும் மரவள்ளிக்கிழங்கும் தின்கிறவனுக்கு அந்த ஒரு நாள் நடை போதும். அதற்காக ஆள் வெட்டுக்குப் போன குடும்பங்கள் உண்டு.

அப்பா செத்து நாற்பதாம் நாள். மூன்று வருஷம் அவருக்கு மலம் அள்ளியவள் ப்ரோசிங். சுரூபம் உனக்குத்தான் என்று அவர் அவளிடம் சொல்லியிருந்தார். மூத்தவன் நான் என்று மெனெஸ் குதித்தான். ஊர்த் தலைவர் வந்து உட்கார்ந்தார், தென்னங்கள் வந்தது, நடுப்பகல் வரை பேச்சு இழுத்தது. கடைசியில் மெனெஸ் எழுந்து போய், அதிதூதரை இடுப்பில் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினான். அவருடைய இரண்டு பாதத்திலும் மர முளை உண்டு, பசாசின் முதுகில் அதற்கான இரண்டு குழி. முளை கழன்று வந்துவிட்டது.

"எனக்கு இது, உனக்கு அது. சரிபாதி. யாருக்கும் குறையில்ல" என்றான் மெனெஸ்.

எல்லாரும் சிரித்தார்கள். ஊர்த் தலைவரே கள்ளைச் சிந்திக்கொண்டு சிரித்தார். ப்ரோசிங்குக்கு அப்போது இருபத்தேழு வயது, ஆறு வயதில் ஒரு பையன். அவள் அழுதிருக்க வேண்டும், இல்லை சண்டை போட்டிருக்க வேண்டும். அவள் யோசித்தாள். முளை வைத்த கால் தரையில் நிற்காது. பசாசு இல்லாமல் அதிதூதரைச் சப்பரத்தில் நிறுத்தவே முடியாது. வருஷா வருஷம் அண்ணன் என் படியேறி வந்துதான் ஆக வேண்டும், வந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"சரிண்ணே. எனக்கு இது போதும்" என்றாள்.

அந்தச் சாமர்த்தியம்தான் அவள் குடியைக் கெடுத்தது.

மெனெஸ் படியேறி வரவில்லை. திருநாளுக்கு முந்தின நாள், செப்டம்பர் இருபத்தெட்டு, இளவட்டங்களைத் தகர டப்பாவும் கம்புமாக அனுப்பிவைத்தான். அவர்கள் கீழே நின்று கத்தினார்கள்: "ஏய் பசாசே, வெளிய வாடா! எசமான் கூப்பிடறாரு!" பசாசுக்குக் கழுத்தில் கயிறு கட்டி, டப்பா தட்டி, கோயில் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். தெருவில் நின்றவர்கள் எச்சில் துப்பினார்கள். திருநாள் முடிந்ததும் சாக்கில் சுற்றி அவள் ஏணிப்படியில் போட்டுவிட்டுப் போனார்கள். அதிதூதர் அண்ணன் வீட்டில் மெத்தையில் படுத்துக்கொண்டார். இரண்டு வருஷத்தில் அது பழக்கமாகிவிட்டது. ஐந்து வருஷத்தில், தாத்தா காலத்திலிருந்தே இப்படித்தான் என்று ஊரில் சத்தியம் செய்தார்கள்.

வருஷத்தில் ஒரு நாள் அதிதூதரின் காலடியில், மற்ற நாளெல்லாம் ப்ரோசிங்கின் கூரையடியில். அப்படியென்றால் மற்ற நாளெல்லாம் அதை மிதிப்பது யார்? ஊர்க்காரர்கள் இப்படித்தான் யோசித்தார்கள். மீன் படவில்லையா, பன்றி செத்ததா, பிள்ளை இளைத்ததா, எல்லாவற்றுக்கும் கடைசித் தென்னைக்கு அந்தப் பக்கம் கை நீண்டது. அவள் புருஷன் தெலெஸ்போரோவை எந்தப் படகிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவன் வேற்றூர்ப் படகில் போனான், ஒரு புயலுக்குப் பிறகு திரும்பி வரவில்லை. அதற்கும் பசாசுதான் காரணம் என்றார்கள். உங்கள் படகில் ஏற்றியிருந்தால் அவன் ஏனய்யா அங்கே போகிறான் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

மகன் பெர்த்தோ வளர்ந்தான். அவனையும் எவனும் ஏற்றவில்லை. பத்தொன்பது வயதில் செபு நகரத்துக்குக் கிளம்பினான்.

"அம்மா, அங்க போய் ஒரு வழி பண்ணிட்டுக் கூட்டிக்கறேன். அதை விட்டுட்டு வந்துரு."

"எங்கடா விடறது?"

"எங்கயாவது."

"எங்கடா?"

அவன் பையைத் தூக்கிக்கொண்டு படகேறினான். அன்று முதல் அவளுடைய வாழ்க்கையில் இருந்தது அந்த ஒரு கேள்விதான். இதை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும், மகனோடு போய்ச் சேர வேண்டும். செபமாலையில் அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் இவ்வளவுதான்.

முதலில் அண்ணனிடமே போனாள். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, பசாசைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனாள். அவள் வருவதைப் பார்த்து வழியெல்லாம் கதவு சாத்திக்கொண்டது.

"அண்ணே, எனக்குப் பங்கே வேணாம். ரெண்டையும் நீயே வெச்சுக்க. சப்பரத்துக்குப் பின்னால நான் வரவே மாட்டேன். கும்பல்ல கடைசி ஆளா நின்னுக்கறேன்."

மெனெஸ் மூங்கில் பெஞ்சில் படுத்திருந்தவன் எழுந்திருக்கவேயில்லை.

"நீயா வாய் தொறந்து கேட்டு வாங்கின. நான் திணிச்சேனா? சம்மனசும் சாத்தானும் மோட்சத்துலயே ஒண்ணா இருக்க முடியல. என் வீட்டுல இருப்பாங்களாக்கும்? போ, போ. வெயில்ல நிக்காத, உன் ஆளுக்குச் சூடு ஆகாது. நரகத்துலருந்து வந்தவன்னாலும் மரம் பாரு, வெடிச்சிரும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் திரும்பித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கடலில் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அவளுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கடலில் எவன் செத்தாலும் அந்தச் சாவு அவள் தலையில் விடியும். ஊர் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும், அவளே நம்பினாள். ஞானஸ்நானத்தில் பசாசை விட்டுவிடுகிறேன் என்று மூன்று தரம் சொல்லச் சொல்கிறார்களே, அது சும்மாவா? இருக்கிறவனைத்தானே விட முடியும். அவன் கட்டிப்போட்ட நாய்தான், ஆனாலும் நாய்.

ஆகவே அவள் அதைப் பார்த்துக்கொண்டாள். கரையான் வராமல் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து தடவினாள். தடவும்போதுதான் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். அதிதூதருக்குத் தாத்தா வெள்ளைக்கார மூக்கு வைத்திருந்தார், ரோஜாக் கன்னம் வைத்திருந்தார். பசாசுக்குச் சப்பை மூக்கு, கருத்த தோல், அகன்ற தாடை. அவளுடைய அப்பா கோபத்தில் பல்லைக் கடித்தால் அசல் இதே முகம்தான். பாவம், தாத்தா வேறு யாரைப் பார்த்துச் செதுக்கியிருப்பார்? எங்களுக்குத் தெரிந்த முகம் எங்கள் முகம்தானே. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பங்கு பிரித்து முப்பத்திரண்டு வருஷம் ஓடியது. பெர்த்தோ செபுவில் ஜீப்னி வண்டி ஓட்டினான், கல்யாணம் செய்தான், ஒரு பெண் பிறந்தது. அவன் ஊருக்கு வந்தது மூன்றே முறை, பேத்தியின் முகத்தை அவள் பார்த்ததில்லை. அந்த வருஷம் மழைக்காலத்தில் மெனெஸ் செத்தான். அவனுடைய மகன் டியோஸ்கோரோ, அதிதூதருக்குச் சாயம் பூசப் போகிறேன் என்று நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தவன் கையில் இருந்தது வேறு மிக்கேல். சுண்ணாம்பு மாவில் வார்த்தது, வழவழவென்று, கண்ணாடிக் கண்ணோடு. பழையது உளுத்துப்போச்சு, அதான் மாத்திட்டேன் என்றான். அவனுடைய வீட்டுக்குத் தகரக் கூரை எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் இருபத்தெட்டு வந்தது. ப்ரோசிங் வழக்கம்போல் பசாசைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே கதவோரம் உட்கார்ந்திருந்தாள். டப்பாச் சத்தம் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகக் காதைப் பொத்திக்கொண்டு கேட்ட சத்தம். அது வராமல் போனதும் எழுந்தாள். கோயிலுக்குப் போய்ப் பார்த்தாள். புது மிக்கேல் சப்பரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் காலடியில் சிவப்பாக, குண்டாக, பொம்மை மாதிரி ஒரு பசாசு. இரண்டும் ஒரே வார்ப்பு.

பக்கத்துத் தெரு தியானா பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"இனிமே உன்னுது வேணாங்கா. புதுசுல பசாசும் சேர்ந்தே வந்துருச்சு. கழட்டவும் வேணாம், மாட்டவும் வேணாம்."

"அப்ப நான் போலாமா?"

"எங்க?"

"என் புள்ளகிட்ட."

முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக ப்ரோசிங் சிரித்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு பாவாடையையும் செபப் புத்தகத்தையும் மூட்டை கட்டினாள். உபதேசியாரைப் பிடித்து மகனுக்குக் கடிதம் எழுதினாள்: கூட்டிக்கொண்டு போக வா, நான் விடுதலை ஆகிவிட்டேன்.

கடிதம் போன வாரமே மெல்ல ஆரம்பித்தது பேச்சு. புது மிக்கேல் புதுப் பசாசை மிதிக்கிறார், சரி. பழையதை யார் மிதிப்பது? முன்பாவது வருஷத்தில் ஒரு நாள் கால் பட்டது, இப்போது அதுவும் இல்லை. பத்து நாளில் இரண்டு பேர் கடலில் மூழ்கிப் போனார்கள், தகப்பனும் மகனும். படகு பழசு, அலை பெரிசு. அதை யார் கேட்கிறார்கள்?

அவள் அன்செல்மோ சாமியாரிடம் ஓடினாள். புதிதாக வந்தவர், இளம் வயது, நல்ல மனுஷன்.

"அம்மா, அது வெறும் கட்டை" என்றார். "பசாசு உண்டு, அது வேற. அது உங்க வீட்டுக் கட்டைக்குள்ள இல்ல. எரிச்சிருங்க."

"மந்திரிச்ச பொருளை எரிக்கலாமா சாமி? எங்க தாத்தா காலத்துல தீர்த்தம் தெளிச்சு சுரூபத்தை மந்திரிச்சாங்களே."

"மந்திரிச்சது உடைஞ்சா எரிக்கலாம், புதைக்கலாம். தப்பில்ல."

"மந்திரிச்சப்போ ரெண்டும் ஒட்டித்தானே இருந்துச்சு? தீர்த்தம் இது மேலயும்தானே பட்டுது? அப்ப இது மந்திரிச்ச பசாசா, மந்திரிக்காத பசாசா?"

சாமியாருக்குக் குருமடத்தில் இதைச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

"சாமி, இன்னொண்ணு. அவன் மன்னிப்புக் கேட்டா கடவுள் விட்டுருவாரா?"

"யாரு? பசாசா? கேக்க மாட்டாம்மா. மனுசங்க மாதிரி இல்ல சம்மனசுங்க. ஒரு தடவை முடிவு பண்ணிட்டா அவ்ளோதான். பின்னால மாத்திக்கற வழி கெடையாது."

"ஒரே ஒரு தடவை வாய் விட்டதுக்கா சாமி? ஏதோ சாமர்த்தியம்னு நெனச்சு, ஒரு வார்த்தை சொன்னதுக்கா?"

"அவனோட அகங்காரம் அப்படிம்மா."

அவர் பசாசான லூசிபரைச் சொன்னார். அவள் தன்னைப் பற்றிக் கேட்டாள். பதிலை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

ஆனாலும் சாமியார் சொன்னபடி அன்றே கோயில் பின்புறம் விறகு அடுக்கினார்கள். பசாசை மேலே வைத்தும் ஆயிற்று. அதற்குள் தியானா தலைமையில் பத்துப் பதினைந்து பெண்கள் வந்துவிட்டார்கள். "பொகை எங்க வீட்டுக்குள்ளல்ல வரும் சாமி? சின்னப் புள்ளைங்க இருக்கு. கட்டையோட இருக்கறவனைப் பொகையாக்கி ஊரெல்லாம் பரப்பப் போறீங்களா?" சரி, புதைக்கலாம் என்றார் சாமியார். கல்லறைத் தோட்டத்திலா, எங்கள் ஆத்தா அப்பனுக்குப் பக்கத்திலா என்று அதற்கும் பிடித்துக்கொண்டார்கள். அவர் கைகளை விரித்தார். ப்ரோசிங் விறகின் மேலிருந்து அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் அதே பெண்கள் அவள் வீட்டு ஏணி ஏறினார்கள். வெறுங்கையோடு இல்லை, வாழையிலையில் தேங்காய்ப்பால் பிட்டு. முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் வீட்டுக்குள் வந்த முதல் பலகாரம் அது.

"அக்கா, தப்பா நெனைக்காத" என்றாள் தியானா. "எங்க எல்லாருக்கும் கடல்ல ஆள் இருக்கு. ஒரு காலு அது மேல இருக்கணும். வேற யாரு வெக்க முடியும்? உன் ரத்தம் செதுக்கினது, உனக்குத்தான் அடங்கும். ஒரு நாளைக்கு மூணு தடவை, கோயில் மணி அடிக்கறப்ப, அந்தக் குழி மேல காலை வெச்சு மூவேளைச் செபம் சொல்லிட்டா போதும். நீ எங்களுக்குச் செய்யற புண்ணியம்க்கா."

"என் மகன் கூட்டிட்டுப் போக வருவான் தியானா."

"வரட்டும்க்கா. பார்த்துட்டுப் போகட்டும்."

அன்று மத்தியானம் மணி அடித்தபோது ப்ரோசிங் காலை வைத்தாள். அதிதூதரின் முளை இறங்கிய குழியில் அவள் குதிகால் பாதி இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகாமல் இருக்கட்டும் என்றுதான் வைத்தாள். பத்து நாள் கடலில் எவனும் சாகவில்லை. அவ்வளவுதான், முடிந்தது கதை. தெருவில் பார்த்தவர்கள் அக்கா என்றார்கள், மீன் கொடுத்தார்கள், ஓட்டை விழுந்த கூரைக்கு ஓலை வேய்ந்துகொடுத்தார்கள். இத்தனை வருஷம் துப்பின வாய்கள். அவளை ஊரைவிட்டு ஓட்டியிருந்தால்கூட மகனோடு போய்ச் சேர்ந்திருப்பாள். மரியாதை கொடுத்துக் கட்டிப்போட்டார்கள், பாவிகள்.

பெர்த்தோ காலைப் படகில் வந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. மூட்டை கட்டியபடியே மூலையில் இருப்பதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டான்.

"பன்னெண்டரைக்குப் படகும்மா. கத்பாலோகன் துறைமுகத்துல கப்பல் சீட்டு போட்டாச்சு. ஐரா கேட்டுட்டே இருக்கா, பாட்டிக்குப் பல்லு இருக்கான்னு. அவளுக்கு இப்ப ரெண்டு பல்லு விழுந்துருக்கு."

"எனக்கு நாலு இருக்குன்னு சொல்லு."

"நீயே வந்து சொல்லு. கெளம்பு."

அவள் மூட்டையைத் தொடவில்லை. விஷயத்தைச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"சரி, அதையும் தூக்கிட்டு வா" என்று ஆரம்பித்தவன் தானே தலையை ஆட்டிக்கொண்டான். "முடியாது. உன் மருமக மரிவிக் இப்ப சுரூபமே ஆகாதுங்கற அந்த செபக்கூட்டத்துல சேர்ந்துட்டா. மாதா படத்தையே எடுத்து வெளிய வெச்சுட்டா. இதைக் கொண்டு போனா என்னையும் சேர்த்துத் தொரத்துவா."

"அதான்டா சொல்றேன்."

"என்னம்மா சொல்ற? துப்பினாங்களே, மறந்துட்டியா? அப்பாவை ஏத்தாம விட்டாங்களே. அவனுங்களுக்காகவா?"

"அவனுங்களுக்காகத்தான்னு வெச்சுக்கயேன்."

அவனுக்கு வெறி ஏறிவிட்டது. அடுப்படியிலிருந்து வெட்டரிவாளை எடுத்து வந்து ஓங்கினான். ப்ரோசிங் பசாசின் மேல் குப்புற விழுந்தாள். அறுபது வயது உடம்பு, விழுந்த வேகத்தில் முழங்கை தோல் வழன்றது.

"வெட்டாதடா! இன்னைக்கு வெட்டாத! நீ இப்பக் கடல்ல போகணும்டா!"

அரிவாள் மேலேயே நின்றது. அவன் அதைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதான். அவள் எழுந்து வந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். காலையில் தியானா கொடுத்திருந்த பிட்டை எடுத்து அவனுக்குக் கொடுத்தாள், அவன் தின்றான்.

கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. அவள் போய்க் காலை வைத்தாள்.

"கெளம்புடா. படகு போயிரும்."

"அடுத்த வருசம் வர்றேன்."

"சரி."

"வரமாட்டேன்மா. எனக்குத் தெம்பு இல்ல."

"அதுவும் சரி. புள்ளைய நல்லாப் பார்த்துக்க."

அவன் ஏணி இறங்கிப் போனான். அவள் நின்ற இடத்திலிருந்து ஜன்னல் வழியாகக் கடல் தெரியும். மோட்டார் படகு கிளம்பியது, சிறிதானது, மறைந்தது. கத்பாலோகன் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆகும், அதற்கப்புறம் ஒரு கப்பல் பயணம். காற்று மேற்கிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் தியானா மீனோடு ஏணி ஏறி வந்தாள். ப்ரோசிங் சுவரைப் பிடித்துக்கொண்டு பசாசின் முதுகில் வைத்த கால் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தாள். மிதித்த கால் வீங்கியிருந்தது.

"என்னக்கா இது? மத்தியான மணி அடிச்சு எவ்ளோ நேரமாச்சு, இன்னுமா நிக்கற? எடு காலை. அவன் இந்நேரம் கரை சேர்ந்திருப்பான்."

"சேர்ந்துட்டானா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது" என்றாள் ப்ரோசிங். காலை எடுக்கவில்லை.